மூன்றாம் ஓலை

இந்தப் பட்டையா அக்கா? இல்லை, நேர்ச்சைக் கயிறு இல்லை. வேளாங்கண்ணியும் இல்லை, திருச்செந்தூரும் இல்லை. நன்றாகப் பாருங்கள், இங்கிலீஷில் எழுதியிருக்கும். சிங்கப்பூரில் ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போயிருந்தேன். உள்ளே விடும்போது கையில் இறுக்கிவிடுகிறார்கள். கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும். வெட்டவில்லை. அதற்கு ஒரு காரணமும் கிடையாது. குளித்தால் நனைகிறது, வெயிலில் காய்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் ஜன்னலோரமே இருங்கள், எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். நான் சூசைபுரம் குருசடியில், ரோட்டோரம் சிலுவை நிற்குமே, அங்கே இறங்க வேண்டும். நீங்கள் அதைத் தாண்டித்தானே போகிறீர்கள்? அப்படியென்றால் வந்ததும் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள். போன தடவை டெல்பின்தான் கையைப் பிடித்து இறக்கினாள். நான் வழியைப் பார்க்கவே இல்லை, பேசிக்கொண்டே வந்துவிட்டேன்.

டெல்பின் யாரா? சகாய டெல்பின். கிளீட்டஸ் அங்கிள் மகள். விசைப்படகு வைத்திருக்கிறாரே, அவர்தான். நாளைக்கு அவளுக்குக் கல்யாணம். எங்கள் யுனிவர்சிட்டி விடுதியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறை. அவள் இயற்பியல், நான் சமூகவியல். என் பெயர் கார்குழலி. ஆமாம், கூந்தல் இவ்வளவுதான் இருக்கிறது, பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தோழி கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமா வருவது என்று நினைக்கிறீர்கள். நினைக்கிறீர்கள் அக்கா, முகத்தில் தெரிகிறது. நான் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நடுவில் பேசாதீர்கள், எனக்குக் கோர்வை போய்விடும்.

டெல்பின் பேசமாட்டாள். அவள் ஒரு வாரம் பேசுவதை நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் பேசிவிடுவேன் என்று விடுதியில் கேலி செய்வார்கள். ஆனால் தட்டுவாள். சாப்பாட்டுத் தட்டு, பக்கெட், என் முதுகு, எது கிடைத்தாலும் தாளம்தான். இந்த ஊர்க் கோயிலில் பாடகர் குழுவில் ரிதம் பேட் வாசிப்பது அவள்தான். அதற்கு முன்னால் அங்கே ஒரு பெண்ணும் அதைத் தொட்டதில்லையாம். அவள் ப்ராஜெக்டுகூட டிரம்ஸ் தோல் எப்படி அதிர்கிறது என்று கணக்குப் போடுகிற ப்ராஜெக்ட்தான். இப்போது பாதியில் நிற்கிறது.

அந்த பேண்டை எனக்குக் காட்டியது அவள். டின் ரூஃப் சாட்டர்டே என்று பெயர். தகரக் கூரைச் சனிக்கிழமை. சிரியுங்கள், நானும் முதலில் சிரித்தேன். ஸ்காட்லாந்துக்காரர்கள், மூன்று ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண்தான் டிரம்ஸ். உங்களைவிட வயது அதிகம் இருக்கும். நரைத்த முடியை அப்படியே விரித்துவிட்டு, கை இல்லாத பனியன் போட்டுக்கொண்டு, கடல் பொங்குகிற மாதிரி வாசிப்பார். அவர்கள் ஊரும் மீன்பிடித் துறைமுகம்தானாம். டெல்பின் அந்த அம்மாவின் படத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தாள், வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே. 'மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா'ன்னு கேட்டேன். 'ரெண்டு பேரும் பேசி வச்சிருக்காங்க'ன்னாள். அவள் ஜோக் அடித்தால் அப்படித்தான், மாதத்துக்கு ஒன்று, ஆனால் நிற்கும்.

அவர்கள் பாட்டுகளில் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன், எல்லாம் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். பாதிப் பாட்டுதான் பாட்டு. பாதிக்கு மேல் பாடுகிறவர் மைக்கை விட்டு விலகிப் போய்விடுவார், வார்த்தையே கிடையாது. டிரம்ஸ் தனியாகப் போகும், அப்புறம் கிடார் வந்து சேரும். எனக்கு முன்பாதி பிடிக்கும், வரிகள் அருமையாக இருக்கும். டெல்பினுக்குப் பின்பாதி. முன்பாதி முடிந்ததும் இரண்டு ஸ்பூனை எடுத்துக்கொண்டு தட்டைக் கவிழ்த்துப் போடுவாள். 'பேசி முடிச்சாச்சு, இனிதான் பாட்டு'ம்பாள்.

போன வருஷக் கடைசியில் அவர்கள் அறிவித்தார்கள், இதுதான் கடைசிச் சுற்று, இதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று. இந்தியாவுக்கு வரவில்லை. கிட்டத்தில் என்றால் சிங்கப்பூர். அங்கே என் சித்தப்பா மகன் இருக்கிறான், தங்க இடம் ஆயிற்று. டிக்கெட் விற்கத் தொடங்கிய காலையில் வகுப்புக்குப் போகாமல் இரண்டு போனிலும் உட்கார்ந்து எடுத்தோம், எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அன்றைக்கு டெல்பின் விடுதி வராந்தாவில் ஓடினாள் அக்கா. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினாள்.

அப்புறம் குவைத்தில் இருந்து ஒருவர் லீவில் வந்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்லவர் என்றுதான் சொல்கிறார்கள். லீவு முடிவதற்குள் கல்யாணம். அப்புறம் விசா. பரீட்சை ஒன்றரை மாதத்தில் இருக்கிறது, எழுதமாட்டாள். 'பின்னாடி எழுதிக்கிடலாம்' என்றார்களாம். எப்போது, குவைத்திலா? டெல்பின் அழவில்லை. சண்டையும் போடவில்லை. விடுதிக்கு வந்து பையை வைத்தாள். 'செமஸ்டராவது முடிஞ்சிருக்கலாம்' என்று மட்டும் சொன்னாள்.

"வேண்டாம்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான" என்றேன்.

"அப்பாட்டயா?"

"பின்ன யார்ட்ட, வார்டன்ட்டயா?"

"எனக்கு வாய் வராது ஏட்டி."

நீங்களே சொல்லுங்கள். இருபத்திரண்டு வயதுப் பெண். தன் வாழ்க்கையைப் பற்றித் தனக்கே வாய் வராது என்றால் அது யாருடைய குற்றம்? நான் அன்றைக்கு அவளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன். சம்மதம் என்றால் என்ன, சும்மா இருப்பது எப்படிச் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். முடித்ததும், 'இதையெல்லாம் நீ அப்பாட்டச் சொன்னா கேப்பாரு' என்றாள்.

அதற்குக் காரணம் இருந்தது. கிளீட்டஸ் அங்கிளுக்கு என்னைப் பிடிக்கும். ஒரு தடவை அவர் மகளைப் பார்க்க விடுதிக்கு வந்தார், வாளி நிறைய மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு. வாசலிலேயே வார்டன் மறித்துவிட்டார், நாற்றம் அடிக்கிறது, உள்ளே விட முடியாது என்று. அந்த மனுஷன் வாளியோடு வெயிலில் நிற்கிறார், டெல்பின் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். நான் போனேன். எந்த விதியில் எழுதியிருக்கிறது, சாம்பார் மணம் என்றால் மீன் எப்படி நாற்றம், யார் மூக்கு இங்கே சட்டம் போடுகிறது என்று பிடித்துக்கொண்டேன். வார்டன் விலகி நின்றார். வாளி உள்ளே போயிற்று. அங்கிள் படியில் உட்கார்ந்து, 'நீ பேசு மக்களே, நான் கேட்டுட்டே இருக்கேன்' என்று சிரித்தார். அதிலிருந்து போனில்கூட, 'வக்கீலம்மா என்ன செய்யிது' என்று விசாரிப்பார்.

அதனால்தான் முதல் ஓலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் அதற்கு முன்னால் ஓலை கேட்டதே இல்லை. உங்களுக்கு இது பழகிப்போயிருக்கும். எங்கள் பக்கம் பத்திரிகை அடிப்பார்கள், மண்டபம் பிடிப்பார்கள், ஊரில் ஒருத்தரிடமும் எதுவும் கேட்கமாட்டார்கள். இங்கே பூசை முடிகிற நேரத்தில் சாமியார் எழுந்து நின்று, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இது முதல் ஓலை, தடை ஏதும் இருப்பதாக யாருக்குத் தெரிந்தாலும் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்றார். கடமை. மூன்று ஞாயிறு. ஊரே கேட்க. நான் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு ஜனநாயகமான ஏற்பாடு பாருங்கள்.

டெல்பின் அந்தப் பக்கம் ரிதம் பேடுக்குப் பின்னால் நின்றாள். கையில் இரண்டு குச்சி. சாமியார் சொல்லி முடித்துக் கொஞ்சம் நிறுத்தினார். எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. டெல்பின் என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன், ரொம்ப நல்ல வழக்கம் என்று. சாமியார் அடுத்து அன்பிய ஜெபக் கூட்டம் எந்த வீட்டில் என்று வாசிக்கப் போய்விட்டார்.

மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. நெய்மீன் குழம்பு, கணவாய் வறுவல். டெல்பின் பரிமாறினாள். அங்கிள் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"என்ன மக்களே, ஓலை கேட்டியா?"

"கேட்டேன் அங்கிள். அருமையான வழக்கம். தடை இருந்தா யாரும் சொல்லலாம் இல்லியா?"

"சொல்லித்தான் ஆகணும். சும்மாவா மூணு வாரம் வாசிக்கது." சிரித்துக்கொண்டே, "ஏன், வக்கீலம்மாவுக்கு ஏதும் தடை உண்டுமா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு அங்கிள்" என்றேன்.

டெல்பினின் கரண்டி குழம்புச் சட்டிக்கு மேலே அப்படியே நின்றது. அங்கிளும் கையைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேட்கிற பார்வைதான் அக்கா அது. கோபமே இல்லை.

"சிங்கப்பூர்" என்றேன்.

கரண்டி சட்டியில் இறங்கிவிட்டது.

நான் கச்சேரியைப் பற்றிச் சொன்னேன். டிக்கெட் எடுத்தாயிற்று, கடைசிச் சுற்று, இனி இல்லை, கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால்தான், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடலாம் என்று. அங்கிள் முதலில் சிரித்தார். அப்புறம், 'ஓலை வாசிச்ச பிள்ள கடல் தாண்டிப் போறதாவது' என்றார். விடுவேனா? ஓலை வாசித்தால் நடமாடும் உரிமை போய்விடுமா, மாப்பிள்ளைக்கும் ஓலை வாசித்தார்களே, அவர் வீட்டுக்குள்ளேயா இருக்கிறார் என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே. இன்னும் நிறையக் கேட்டேன். அங்கிள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். 'போதும் மக்களே, சாப்பிடு' என்று கை கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கு என் பக்கம் இருந்த வாதங்கள் ஒவ்வொன்றும் சரி. இப்போது கேட்டாலும் சொல்வேன். ஒரு பெண் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்கப் போவது சின்ன விஷயமா? சின்னச் சுதந்திரம் இல்லாதவளுக்குப் பெரிய சுதந்திரம் எங்கிருந்து வரும்? நான் அவளுக்காகத்தானே பேசினேன்? எனக்கு என்ன, என் டிக்கெட் என்னிடம் இருந்தது.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட டெல்பின் குருசடி வரைக்கும் வந்தாள். அவள் லீவு போட்டிருந்தாள், நான் மட்டும் திரும்பினேன். மெழுகுவர்த்தி சொட்டின இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

"இன்னொரு தரம் வாயேன்" என்றாள். "சிங்கப்பூர விட்டுரு."

"விட்டுட்டு எதப் பேச?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். "வந்தா நல்லாருக்கும்" என்றாள்.

பஸ் வந்துவிட்டது.

இதுதான் அவள் சொன்னது. வந்தா நல்லாருக்கும். இதில் எந்த இடத்தில் அக்கா, 'என்னைக் காப்பாற்று' என்று இருக்கிறது? நான் வார்த்தையை வைத்துப் படிக்கிறவள். சொல்லாததை எப்படிக் கேட்பது? நீங்களே உங்கள் வீட்டுக்கு வந்துபோகிற ஒருத்தரிடம் 'அடுத்த தடவையும் வாங்க' என்று சொல்வதில்லையா? அதற்காக அவர்கள் அடுத்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு வருவார்களா?

அடுத்த ஞாயிறு எனக்கு வேலை இருந்தது. கருத்தரங்கம். திங்கட்கிழமை கட்டுரை வாசிக்க வேண்டும், தயார் செய்துகொண்டிருந்தேன். திருமணத்தில் பெண்ணின் சம்மதம் என்பதுதான் தலைப்பு. சிரிக்கிறீர்களா? இல்லை, சிரித்த மாதிரி இருந்தது. நல்ல கட்டுரை அக்கா அது. டெல்பின் பெயரைச் சொல்லாமல் டெல்பினைத்தான் அதில் எழுதியிருந்தேன். கடைசி வரி முடிந்ததும் ஒரு பேராசிரியை எழுந்து நின்று கை தட்டினார். கட்டுரையை டெல்பினுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் போட்டாள்.

அப்படி இரண்டாம் ஓலையும் போயிற்று.

மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை கச்சேரி. வியாழக்கிழமை அவளே போன் பண்ணினாள். அவள் பண்ணவே மாட்டாள், நான்தான் பண்ணுவேன்.

"சனிக்கெழம வருவியா?"

"சனிக்கிழமை கச்சேரில்லா."

"ஆமால்ல."

"ஒன் டிக்கெட் வீணாப் போகுது ஏட்டி."

"யாருக்காவது குடுத்துரு."

பின்னால் யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தம். அப்புறம் அவள்தான் சொன்னாள், கவனமாகக் கேளுங்கள், அவளேதான் சொன்னாள்: "நல்லாப் பாத்துட்டு வா. அந்தப் பாட்டு வரும்போது மட்டும் போன் போடு. பாக்கணும்."

போ என்றுதானே சொன்னாள்? போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேனா? போயிருக்கமாட்டேன். போயிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

சிங்கப்பூர் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது. கச்சேரி அரங்கத்து வாசலில் டிக்கெட் கிடைக்காமல் ஒரு பெண் அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணிலாவில் இருந்து வந்தவளாம். டெல்பின் டிக்கெட்டை அவளுக்குக் கொடுத்தேன். கட்டிப்பிடித்து அழுதாள். நல்ல காரியம்தானே? எனக்கும் அப்படித்தான் இருந்தது, உள்ளே போகிற வரைக்கும். உள்ளே போனதும் அவள் டெல்பின் நிற்க வேண்டிய இடத்தில் நின்று குதித்தாள். தாளம் தப்பித் தப்பிக் குதித்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பாவம், அவள் என்ன செய்தாள்.

விளக்கெல்லாம் அணைந்து அவர்கள் நான்கு பேரும் மேடைக்கு வந்தபோது நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அந்த இரண்டு மணி நேரம் எனக்கு ஊர் இல்லை, பெயர் இல்லை, ஒன்றும் இல்லை. பொய் சொல்லமாட்டேன் அக்கா. சந்தோஷமாக இருந்தேன். ஓலை, கல்யாணம், எதுவும் ஞாபகத்தில் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி இருந்ததே இல்லை, இனிமேல் இருப்பேனா என்றும் தெரியாது. அதற்காக நான் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

நம்ம பாட்டு கடைசியில்தான் வந்தது. உடனே போன் போட்டேன். வீடியோ. இங்கே அப்போது பொழுது சாய்கிற நேரம். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், கையிலேயே வைத்திருந்தாள் போல. வீட்டில் ஆள் கூட்டம் என்று மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள். அவள் பின்னால் தென்னை மரமும் கடலும் தெரிந்தன. நான் போனை மேடைப் பக்கம் திருப்பி, தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். பாட்டு முடியும்வரைக்கும் இறக்கவே இல்லை. கை மரத்துப்போயிற்று. யாருக்காக? அவளுக்காகத்தானே?

திரையில் மூலையில் சின்னக் கட்டத்தில் அவள் முகம் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பாட்டுக்கு யார்தான் அழமாட்டார்கள், நானும் அழுதேன், மணிலாக்காரியும் அழுதாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. கூடவே பாடினாள். எங்களுக்கு எல்லா வரியும் மனப்பாடம். அரங்கத்துச் சத்தத்தில் அவள் குரல் எங்கே கேட்கும்? 'கேக்குதா, தெரியுதா' என்று நான்தான் கத்தினேன். அவள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. பின்பாதி வந்தது, அந்த அம்மா தனியாக டிரம்ஸ் எடுத்தார். அதைத்தானே டெல்பின் பார்க்க ஆசைப்பட்டாள். நான் நுனிக்காலில் நின்று போனை இன்னும் உயரத் தூக்கினேன். அவள் பாடிக்கொண்டே இருந்தாள். முடிகிற நேரத்தில் யாரோ அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தாள், கட் ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு மெசேஜ் வந்தது. 'தேங்க்ஸ்டி. பாத்துட்டேன்.' அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விமானத்தில் இருந்தேன். மூன்றாம் ஓலையை அந்த நேரத்தில்தான் வாசித்திருப்பார்கள். மேகத்தைப் பார்த்துக்கொண்டு, இப்போது சாமியார் நிறுத்தியிருப்பார், இப்போது குழந்தை அழுதிருக்கும், இப்போது அன்பியக் கூட்டத்துக்குப் போயிருப்பார் என்று ஏனோ நினைத்துக்கொண்டே வந்தேன்.

நேற்றே வந்திருக்கலாம்தான். வரவில்லை. விடுதி அறையில் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். தட்டும் ஸ்பூனும் அவள் அலமாரியில் இருந்தன. அந்த டிரம்ஸ் அம்மா படத்தை மட்டும் கிழித்து எடுத்துப் போயிருக்கிறாள், மாதாவை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இதோ, பையில் அவளுக்கு ஒரு டி-ஷர்ட் வாங்கி வந்திருக்கிறேன். கறுப்புதான். கல்யாண வீட்டுக்குக் கறுப்பா என்று கேட்பார்கள், தெரியும். அவர்கள் வேறு நிறத்தில் போடுவதில்லை, நான் என்ன செய்ய.

இன்றைக்குப் பேசலாம் என்றுதான் வருகிறேன். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். அங்கிளிடம் சிங்கப்பூர் பேச்சே எடுக்கமாட்டேன். நேராகப் பரீட்சை. ஒன்றரை மாதம் தள்ளிப் போட்டால் குவைத் எங்கேயும் ஓடிவிடாது, மாப்பிள்ளை லீவை நீட்டலாம், அல்லது போய்விட்டு வரலாம். அங்கிள் கேட்பார். அன்றைக்கு அந்தத் தட்டுக்கு முன்னால் கேட்கிற மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டால், ஆட்கள் கூடுவதற்கு முன்னால், அவரைத் தனியாகப் பிடித்துவிடலாம். அதற்காகத்தான் இந்த பஸ்ஸைப் பிடித்தேன். இதை விட்டால் நேரம் இல்லை.

அப்படியே அவர் கேட்காவிட்டாலும், நாளைக்குப் பீடத்தில் சாமியார் அவளைக் கேட்பார் இல்லையா? முழு மனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறாயா என்று. மூன்று ஓலை, அதற்கு மேல் இது ஒன்று. நான்கு வாய்ப்பு அக்கா. நான்கு வாய்ப்பிலும் வாயைத் திறக்காதவளுக்கு நான் எப்படிப் பொறுப்பு? ஒரு பெண்ணுக்குப் பதிலாக இன்னொருத்தி பேசினால் அது எப்படி அவள் சம்மதமாகும்? இதைத்தான் கட்டுரையில்கூட எழுதினேன், ஒவ்வொருத்தியும் தன் குரலைத் தானே...

என்ன இது, இந்த ஐஸ் ஃபாக்டரி? போன தடவை இதைப் பார்க்கவே இல்லையே. பாலம் வருகிறது. குருசடிக்கு முன்னால் பாலம் கிடையாது.

தாண்டிவிட்டதா? எப்போது? அக்கா, உங்களிடம் சொன்னேனே, குருசடி வந்தால் சொல்லுங்கள் என்று ஏறினதுமே சொன்னேனே. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள், ஊர் தெரிந்தவர், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இப்போது நான் எப்போது போய், எப்போது அவரைப் பிடித்து...

சொன்னீர்களா?

இரண்டு தடவையா?

கையைக்கூடத் தொட்டீர்களா? இந்தப் பட்டை மேலேயா?

இல்லை, நீங்கள் பொய் சொல்வதாகச் சொல்லவில்லை. உங்கள் வாய் அசைந்தது, அதைப் பார்த்தேன். தலையாட்டிக்கொண்டு கதை கேட்கிறீர்கள், நடுவில் 'ம்' போடுகிறீர்கள் என்று நினைத்தேன். கண்டக்டர் அண்ணா, நிறுத்துங்கள், இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். பாலத்தில் நிறுத்தமாட்டாரா? சரி, தாண்டி நிறுத்தட்டும். நடந்து வருகிறேன். ஓடி வருகிறேன்.

அக்கா.

அந்தப் பாட்டில் பின்பாதிக்கு வார்த்தை கிடையாது. முதலிலேயே சொன்னேன் இல்லையா, பாடுகிறவர் விலகிப் போய்விடுவார், வெறும் டிரம்ஸ்தான் என்று. பாடுவதற்கு அங்கே ஒரு வரிகூட இல்லை.

அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

பஸ் நிற்கப் போகிறது. நீங்கள் இரண்டாவது தடவை என்ன சொன்னீர்கள், அதே மாதிரி இன்னொரு தரம் சொல்லுங்கள். நான் பேசவில்லை.